ஆறுதல் பரிசு

மூன்றாவது செற்.
இருபத்துமூன்றுக்கு இருபத்துநாலு, பந்து என் கையில்.
அச்சுவேலி மைதானத்து விளக்குகளைச் சுற்றி
மழைப்பூச்சிகள்.
அறிவிப்பாளர் எங்கள் கழகத்தின் பெயரை
மூன்றாந் தரமும் பிழையாகச் சொல்லிமுடிய
அடித்தேன்.
பந்து வலையின் மேல்நாடாவில் பட்டது.
ஒரு கணம் யோசித்தது.
எங்கள் பக்கமே இறங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம்
கைகுலுக்கல்.

வென்ற பெடியளுக்குப் பத்தொன்பது, இருபது வயது.
"தாங்ஸ் அங்கிள்" என்றான் ஒருவன், மரியாதையாக.
தோல்வியைவிட அதுதான் ஆழமாய் இறங்கியது
என்று பகீரதன் பிறகு சொன்னான்.
அவனுக்கு முப்பத்தெட்டு.
அவனது முழங்காலுக்கு அறுபது.

ஆறுதல் பரிசாக
எங்களுக்கொரு வாழைக்குலை.
நீர்வேலிக்காரருக்கு வாழைக்குலை!
சனம் சிரித்தது, சிரிக்கத்தானே செய்யும்.
கரைக்காரருக்கு உப்புப் பை கொடுத்திருந்தால்
நாங்களும் விசிலடித்திருப்போம்.
குலேந்திரன் அதைத் தோளில் வாங்கினான்,
தண்டைத் திருப்பி ஒருமுறை பார்த்தான்,
லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் குலையை வளர்த்திவிட்டு
வாய் திறக்காமல் ஏறினான்.

வழியெல்லாம் பிரேத பரிசோதனை.
வலை ஒரு பக்கம் பதிவு.
நடுவர் அவையளின்ர சொந்தம்.
சுகந்தன் இன்னும் பின்னுக்கு நின்றிருக்கவேணும்.
காற்று, வெளிச்சம், மத்தியானம் தின்ற புட்டு.
எல்லாவற்றிலும் குற்றம் இருந்தது
என் வலதுகையைத் தவிர.
ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை,
சாவீட்டில் காசுக்கணக்குக் கதையாத மாதிரி.
ஒருத்தனாவது ஏசியிருக்கலாம்.

புத்தூர்ச் சந்தி கடந்ததும்
குலேந்திரன் சொன்னான்:
"இது என்ர குலை."
வியாழன் விடிய வெட்டிச்
சந்தையில் கொடுத்ததாம்.
தண்டில் இரண்டு கத்திக்கொத்து, அவன் அடையாளம்.
அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டுத்தான்
எங்கள் நுழைவுப்பணம் கட்டினானாம்.

எஞ்சின் சத்தம் மட்டும் கொஞ்சத் தூரம்.
பிறகு யூட் தொடங்கினான்.
சுகந்தன் பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்,
பகீரதன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்,
சிறுப்பிட்டி நாய்களெல்லாம் எழும்பி
எங்களைத் துரத்திக் குரைத்தன.
நானும் சிரித்தேன்.
இருட்டில் என் கை மட்டும்
இல்லாத பந்தொன்றை
எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தது.

கதவு திறந்த மனைவி
என் முகத்தைப் பார்த்தாள், வெற்றியைக் கேட்கவில்லை.
"வாழைக்குலை தந்தவங்கள்" என்றேன்.
"முத்தினதோ?" என்றாள்.

திங்கட்கிழமை, மருந்துக்கடை.
சீனி வருத்தக்காரர், இருமல்காரர்,
கால்வீங்கிய ஆசிரியை,
எல்லாருக்கும் மருந்துச் சிட்டைக்கு முன்னால்
ஒரே கேள்வி: "வெண்டனியளோ?"
முதல் 'இல்லை' தொண்டையில் முள்ளாய் நின்றது.
ஏழாவது 'இல்லை'
கைமாறிக் கைமாறித் தேய்ந்த குத்தியாய்
வழுவழுவென்று விழுந்தது.
மிச்சக்காசோடு சேர்த்தே கொடுத்தேன்.

செவ்வாய் பின்னேரம்
வலைக்கம்பத்தில் குலை தொங்கியது.
மேல்சீப்பு பழுத்து, கீழ்ச்சீப்பு இன்னும் பச்சை.
ஆளுக்கு இரண்டு உரித்தோம்.
தன் குலையைத் தானே தின்னுகிறவனின் முகத்தோடு
குலேந்திரன் மூன்றாவதும் எடுத்தான்.
"நல்ல குலைதான்" என்றான்,
"விலைதான் காணாது."

பிறகு ஆட்டம்.
முதல் சேர்வ் எனக்கு.
எறிந்தேன், அடித்தேன்.
மேல்நாடா.
அதே யோசனை.
எங்கள் பக்கம்.

ஒருவரும் அசையவில்லை.
மைதான மூலையில் யாரோ கட்டியிருந்த ஆடு
தோலை மென்றபடி நிமிர்ந்து பார்த்தது.

"உனக்கென்னடா," கத்தினான் யூட்,
"வலையோட கலியாணமோ?
சனிக்கிழமையும் இதைத்தானே செய்தனீ,
எருமை!"

அப்பாடா.

குனிந்து பந்தை எடுத்தேன்.
விரலெல்லாம் பழப்பிசுக்கு.
காற்சட்டையில் துடைத்துவிட்டு
திரும்பக் கோட்டுக்குப் போனேன்.